மூன்று இலைத் தோரணம்

யோகராணி எதையும் மூன்றாக விடமாட்டாள். தட்டில் மூன்று பிஸ்கட் இருந்தால் ஒன்றை எடுத்துத் தன் வாயில் போடுவாள், இல்லையென்றால் டின்னைத் திறந்து நான்காவதை வைப்பாள். கல்லிலிருந்து மூன்றாவது தோசை இறங்கினால், நான்காவது இறங்கும்வரை யாரையும் தட்டைத் தொட விடமாட்டாள். கொடியில் மூன்று சட்டைகள் காய்ந்தால் அலுமாரியிலிருந்து காய்ந்த சட்டை ஒன்றைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் தொங்கவிடுவாள்.

அந்த வீட்டில் இருந்ததே மூன்று பேர்தான். யோகராணி, புருசன் விக்னராஜா, ஒரே மகள் கமலினி. எழுபத்துநான்காம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ண் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் எடுத்த படத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள். நான்காவது ஆள் பெட்டி தள்ளுகிற ஒரு வெள்ளைக்காரக் கிழவர். "மூண்டு பேரா நிண்டு படம் எடுத்தா ஒராள் குறையும்" என்று சொல்லி யோகராணி அவரைக் கையில் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள். அந்தப் படத்தில் சிரிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

சின்ன வயதில் கமலினி இதை எல்லா அம்மாமாருக்கும் உள்ள பழக்கம் என்று நினைத்திருந்தாள். பதினாறு வயதில், இந்த ஊருக்கு வந்த பிறகு, வெட்கப்பட்டாள். பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அதற்குப் பெயர் வைத்தாள்: மூடநம்பிக்கை. பெயர் வைத்துவிட்டால் ஒரு விசயம் தன்னை விட்டுத் தள்ளிப் போய்விடும் என்று அப்போது அவள் நம்பினாள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அப்பா பத்தாம் வகுப்பு, டிராம் டிப்போவில் வண்டி பழுது பார்க்கும் பிட்டர். அம்மா எட்டாம் வகுப்பு.

யோகராணிக்கு வேலை பிரன்ஸ்விக்கில், பள்ளிக்கூடங்களுக்குக் கடதாசி வேலைச் சாமான்கள் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில். இலை வடிவத்தில் வளைத்த கூரான இரும்புப் பட்டி ஒன்று இருக்கும். வண்ண அட்டைகளை அடுக்கி, அதன் மேல் அந்தப் பட்டியை வைத்து, அழுத்தி வெட்டும் யந்திரமான பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்தால் ஒரே அழுத்தில் ஐம்பது இலைகள் வெட்டுப்பட்டு விழும். மேப்பிள் இலை, ஓக் இலை, பிளேன் மரத்து இலை. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. இலையுதிர் காலத்துக்குப் பிள்ளைகள் ஒட்டி விளையாட. யோகராணி வெட்டிக் கூடையில் போடுவாள். அதை வேறொருத்தி தள்ளிக்கொண்டு போய்விடுவாள். பெட்டியில் என்ன படம் இருக்கிறது, பிள்ளைகள் அந்த இலைகளை என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

மேற்பார்வையாளன் ரெக் அவளை 'ரோனி' என்று கூப்பிடுவான். முழுப்பெயர் வாய்க்குள் நுழையவில்லையாம். அவள் அவனை முகத்துக்கு நேரே, நல்ல சிரிப்போடு, "சொல்லடா எருமை" என்பாள். அவன் அதைத் தமிழ் வணக்கம் என்று நினைத்து ஒருநாள் திருப்பிச் சொன்னான். ஒரு கோடை விடுமுறையில் கமலினியும் அங்கே வேலை செய்தாள். பக்கத்துப் பிரஸ்ஸில் நின்ற இத்தாலிக்காரி கொன்செட்டாவின் ஆள்காட்டி விரலில் முதல் கணு இல்லாததை அப்போதுதான் கண்டாள். விரல் போன அன்றைக்கும் சிவப்பு அட்டைதான் வெட்டினார்களாம், பதினைந்து நிமிடம் யாருக்கும் தெரியவில்லையாம். கொன்செட்டா அதைப் பகிடி போலச் சொன்னாள். யோகராணி சிரிக்கவில்லை.

"என்ர கை போறதுக்கு முதல் நான் உந்த வேலையை விட வேணும்" என்றாள் அன்றிரவு. "வேற ஏதும் பார் பிள்ளை. நீ படிச்சனி எல்லே."

கமலினி பார்த்தாள். எழுபத்தேழாம் ஆண்டு ஏப்ரலில், அந்த ஊரில் இலையுதிர் காலம் தொடங்கியிருந்தபோது, வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்புக்கு ஒரு உதவியாள் தேவை என்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். விண்ணப்பத்தைக் கமலினியே எழுதினாள். இரண்டு கிழமை பார்ப்பார்கள், பிடித்தால் கடைசி வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார், பிறகு வேலை நிரந்தரம். யோகராணி தொழிற்சாலையில் இரண்டு கிழமை லீவு எடுத்தாள். ரெக்கிடம் காய்ச்சல் என்று சொன்னாள்.

அந்த இரண்டு கிழமையும் அவள் வேறு ஆளாக இருந்தாள் என்று சொல்ல ஆசைதான். அப்படியில்லை. வகுப்பு ஆசிரியை மிஸிஸ் டாய்லுக்கும் அவளுக்கும் முதல் நாளே ஒத்துப்போகவில்லை. "பசையை வீணாக்காதே எண்டு என்னட்டச் சொல்லுறா. நான் பசை கண்டிராத ஆளே?" ஆனால் பிள்ளைகள் இருபத்தாறு பேரும் அவள் கையைச் சுற்றி நின்றார்கள். ஒரு இலையை இரண்டு மடிப்பு மடித்து, நரம்பு தெரிய நகத்தால் அழுத்தி, உயிருள்ள இலை போலச் சுருள வைப்பாள். எலேனி என்றொரு கிரேக்கப் பிள்ளை, ஏழு வயது, சண்டைக்காரி, "எனக்கு முதல் காட்டு" என்று அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரிவாளாம்.

இரண்டாவது வியாழக்கிழமை யோகராணி வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தாள்.

"எடியே, அந்தக் கடதாசி இலை இருக்கெல்லே. அதை எப்பிடிக் கட்டியிருக்கினம் தெரியுமே?"

கமலினி மேசையில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். "எப்பிடி?"

"மூண்டு மூண்டா. தலைகீழா. வகுப்பு வாசலுக்கு மேல. இருபத்தாறு கொத்து. நான் பசைக் கோப்பை கழுவப் போன நேரம் டீச்சர் தூக்கிக் கட்டிப்போட்டா."

கமலினிக்கு உடனே விளங்கியது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த யாருக்கும் விளங்கும். கல்யாண வீட்டுக் குருத்தோலைத் தோரணத்தில் ஓலைக் குருவிகள் நான்கு, தலை மேலே பார்க்கும். செத்த வீட்டுத் தோரணத்தில் மூன்று, தலை கீழே தொங்கும். ஒழுங்கைக்குள் நுழையும்போதே தோரணத்தைப் பார்த்துத்தான் சிரித்த முகத்தோடு போவதா, அழுத முகத்தோடு போவதா என்று முடிவு செய்வார்கள்.

"அது அவையளுக்கு இலையுதிர் காலம் அம்மா. மரத்தில இலை கீழ பாத்துத்தானே தொங்கும்."

"மரத்தில தொங்கட்டும். வாசலில ஏன்?"

"உங்கட பக்டரிப் பெட்டியிலயே அப்பிடித்தான் படம் போட்டிருக்கு. ரெண்டரை வருசமா நீங்கள்தானே வெட்டினனீங்கள்."

யோகராணி கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். "நான் வெட்டினது இலை" என்றாள் பிறகு. "கட்டினது அவையள்."

விக்னராஜா சோற்றில் கை வைத்தபடி, "இஞ்சரும், எமன் என்ன தோரணம் எண்ணிப் பாத்தே உள்ளுக்கு வாறவன்? அதுவும் வெள்ளைக்காரன்ர பள்ளிக்கூடத்துக்கு? சாப்பிடும்" என்றார்.

"நீங்கள் சும்மா இருங்கோ. உங்களுக்கு டிராம் ஓடினாச் சரி." மகளிடம் திரும்பினாள். "நாளைக்கு நீ என்னோட வந்து டீச்சரிட்டச் சொல்லுறியே?"

"நாளைக்குக் கையெழுத்துப் போடுற நாள் அம்மா. நான் ஒன்பது மணிக்கு வாறன். நீங்கள் உந்த விசயத்தை எடுக்காதேங்கோ. படுங்கோ."

மறுநாள் கமலினி ஒன்பது மணிக்குப் போனாள். யோகராணி ஏழரைக்கே போயிருந்தாள். காவலாளிக்கு அவளைத் தெரியும், அதனால் கதவைத் திறந்துவிட்டிருந்தான். இருபத்தாறு கொத்துகளையும் இறக்கி, நூலை அவிழ்த்து, நான்கு நான்காக, நுனி மேலே பார்க்கக் கட்டி மறுபடி தொங்கவிட்டிருந்தாள். சுத்தமான வேலை. ஆனால் எழுபத்தெட்டு இலையை நான்காகப் பிரித்தால் பத்தொன்பது கொத்துத்தான் வரும். ஏழு பிள்ளைகளுக்குக் கொத்தே இல்லை. ஒவ்வொரு இலைக்குப் பின்னாலும் பிள்ளைகள் பெயர் எழுதியிருந்தார்கள். எல்லாம் கலந்து போயிருந்தது. மறுநாள் சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் வந்து பார்க்கிற சந்தை. அவள் போட்ட கணக்கில் பிழை இது ஒன்றுதான். நாலாக்குவது மட்டும்தான் அவள் தலையில் இருந்தது, யாருக்கு எத்தனை என்பது இருக்கவில்லை.

கமலினி போனபோது பாதி வகுப்பு அழுதுகொண்டிருந்தது. வாசலில் மகனை விட வந்த ஒருத்தி, யோகராணிக்குக் கேட்க, "இவர்களை யார் பிள்ளைகளோடு விட்டது?" என்றாள். மிஸிஸ் டாய்ல் இருவரையும் தலைமையாசிரியர் அறைக்குக் கூட்டிப் போனாள். கையெழுத்துப் போடவேண்டிய தாள் மேசையில் கிடந்தது. பேனாவும் திறந்தே இருந்தது.

"இருபத்தாறு பிள்ளைகள் மூன்று நாள் செய்த வேலை" என்றாள் மிஸிஸ் டாய்ல். "நான் கத்தப் போவதில்லை. ஏன் என்று மட்டும் கேட்டுச் சொல். அது போதும்."

கமலினி தாயின் பக்கம் திரும்பவே தேவையிருக்கவில்லை. யோகராணி தொடங்கிவிட்டாள்.

"சொல்லு பிள்ளை. உது செத்த வீட்டுத் தோரணம். உதுக்குக் கீழால பிள்ளையளை நடக்க விடேலாது. நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஒண்டெண்டா ஆர் பதில் சொல்லுறது? இலை போதாமப் போச்சு, அது என்ர பிழை. பின்னேரமே பக்டரியில போய் எடுத்துக்கொண்டந்து ஏழு பேருக்கும் கட்டித் தாறன் எண்டு சொல்லு."

அந்தக் கிழமை கமலினி எழுதிக்கொண்டிருந்த கட்டுரை பசிபிக் தீவொன்றின் சாவுச் சடங்குகளைப் பற்றியது. எட்டுப் பக்கம். எந்த இலையை எந்தப் பக்கம் கட்டுவார்கள், ஏன் கட்டுவார்கள் என்று அழகான ஆங்கிலத்தில், மரியாதையோடு, விளக்கியிருந்தாள். அந்த வசனங்களில் தீவின் பெயரை மாற்றினால் போதும். எல்லாச் சொல்லும் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்த அறையில், அந்தச் சேலைக்குப் பக்கத்தில் நின்று, சாவு என்ற சொல்லைச் சொன்னால் மிஸிஸ் டாய்லின் புருவம் எப்படி உயரும் என்பதையும் அவள் பார்த்துவிட்டாள்.

"மன்னிக்க வேண்டும்" என்றாள். "நீங்கள் சொன்னது அம்மாவுக்கு விளங்கவில்லை. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது."

மிஸிஸ் டாய்லின் முகம் இளகியது. "ஓ" என்றாள். "அதுதானா?" தலைமையாசிரியரும் அன்பாகத்தான் சொன்னார். அப்படியென்றால் இவர் மேல் குற்றமில்லை, ஆனால் சொல்வது விளங்காத ஒருவரைக் கத்தரிக்கோலும் சின்னப் பிள்ளைகளும் உள்ள வகுப்பில் விடுவது கடினம், அது உங்களுக்கே தெரியும். பேனாவை மூடினார்.

ரெக்கோடு இரண்டரை ஆண்டு வேலை செய்த யோகராணிக்கு இந்த அளவு ஆங்கிலம் விளங்காமல் இல்லை. மகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

வெளியே நடையில் எலேனி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொத்து இல்லாமல் போன ஏழு பேரில் ஒருத்தி. "என்னுடையதைப் பிய்த்தது நீங்கள்தான்" என்றாள்.

யோகராணி கோட்டுப் பையில் கை விட்டாள். மிஞ்சிப் போன இரண்டு இலைகள் அதில் இருந்தன, இரண்டிலும் எலேனியின் பெயர். அவற்றைக் காட்டினாள். "ஐ மேக்" என்றாள். "ஃபோர் லீஃப். ஃபார் யூ. ப்ராமிஸ்."

"எப்போது?"

"வெரி ஸூன்."

"பொய்" என்றாள் எலேனி. போகவில்லை, அங்கேயே நின்று இருவரும் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் பிளேன் மரங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. கமலினி, "அம்மா, நான் என்ன செய்யிறது, அவைக்கு உது விளங்காது" என்று தொடங்கினாள். யோகராணி ரோட்டைக் கடக்க நின்றபடி, "ட்ராம் கம்மிங்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் மகளோடு தமிழ் பேசவில்லை.

முதலில் கமலினி அதைக் கோபம் என்று நினைத்தாள், இரண்டு நாளில் தணியும் என்று. இரண்டு கிழமையானது. சாப்பாட்டுக்கு "ஃபூட் ரெடி". மழைக்கு "டேக் கோட்". காய்ச்சல் வந்து கமலினி படுத்திருந்தபோது நெற்றியில் கை வைத்து "ஹாட்" என்றாள், அவ்வளவுதான். புருசனோடு தமிழ், கோயில் இல்லாத ஊரில் சாமிப் படத்தோடு தமிழ், ரெக்கைத் திட்ட அதைவிட நல்ல தமிழ். மகளுக்கு மட்டும் ஆங்கிலம். திட்டவும் மாட்டாள். திட்டுவதற்கு அவளுக்குத் தமிழ் வேண்டும்.

"அம்மா, என்னோட தமிழில கதையுங்கோ" என்று ஒருநாள் கமலினி கத்தியே விட்டாள். "இது என்ன விளையாட்டு?"

யோகராணி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "நோ ப்ளே. யூ சே, மை மதர் நோ இங்கிலிஷ். ஸோ ஐ லேர்ன்."

விக்னராஜா பெரிதாகச் சிரித்தார். இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "நீங்கள் ரெண்டு பேரும் இருக்கிற வீட்டில இருக்கிறதை விட, நான் டிப்போவில ரெண்டு டிராம் சேத்துக் கழட்டிப் பூட்டலாம்" என்று சொல்லி எழுந்து போனார்.

குசினி ஜன்னல் கட்டையில் எலேனியின் பெயர் எழுதிய அந்த இரண்டு இலைகளும் இருந்தன. லீவு முடிந்து பிரஸ்ஸுக்குத் திரும்பிய முதல் நாளே யோகராணி இன்னும் இரண்டு இலைகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். நான்கு. நூலும் வைத்தாள். கட்டவில்லை. கட்டினால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கொடுக்க அந்தக் கேட்டுக்குள் நுழைய வேண்டும். இலைகளின் சிவப்பு நிறம் வெயிலில் வெளுத்து ரோசாவானது, ரோசா வெளுத்துச் சாம்பலானது. கமலினி தினமும் அதன் முன்னால் நின்று தேத்தண்ணீர் போட்டாள். ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்குமா என்று மட்டும் தனக்குள் கேட்டுக்கொள்வாள். சில நாள், மிஸிஸ் டாய்ல் எப்படியும் சிரித்திருப்பாள் என்று பதில் வரும். சில நாள், அவள் ஏன் என்றுதானே கேட்டாள், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தால் என்று வரும். பசிபிக் தீவுக் கட்டுரைக்கு வகுப்பிலேயே அதிக புள்ளி அவளுக்குத்தான்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஏப்ரலில் பட்டமளிப்பு. புல்வெளியில் படம் எடுக்க ஒருவன் நின்றான். கறுப்பு அங்கியோடு கமலினி நடுவில், இரு பக்கமும் அம்மாவும் அப்பாவும். கமலினி தன்னையறியாமலே நான்காவது ஆளைத் தேடினாள். கூடப் படித்த ஒருத்தியின் தகப்பனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அவரும் புன்னகையோடு புறப்பட்டார்.

"நோ நீட்" என்றாள் யோகராணி. படம் எடுக்கிறவனைப் பார்த்து, "த்ரீ ஓகே. டேக்."

விக்னராஜா, "இஞ்சரும்..." என்று இழுத்தார். அதற்குள் படம் எடுத்தாகிவிட்டது. அது மன்னிப்பா, சாபமா என்று கமலினியால் அன்றும் சொல்ல முடியவில்லை, பிறகும் சொல்ல முடியவில்லை.

ஓகஸ்டில், ஒரு திங்கட்கிழமை, யோகராணி பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றபடியே சரிந்தாள். இதயம். "கையை முதலில் வெளியே இழுத்தாள், அதற்குப் பிறகுதான் விழுந்தாள்" என்று கொன்செட்டா செத்த வீட்டில் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். போன ஆண்டு பிரஸ்களுக்குக் கை தடுப்புக் கம்பி போட வேண்டும் என்று ரெக்கிடம் வாதாடி வாங்கியது யோகராணிதானாம். மூன்று கிழமை, தினமும், ஆங்கிலத்தில். "நல்லாகப் பேசுவாள் உன் அம்மா. நீதான் படிப்பித்தாயாக்கும்?"

கமலினி தலையை ஆட்டினாள். ஆம் என்றா, இல்லை என்றா என்பது கொன்செட்டாவுக்குத் தெரிந்திருக்காது.

செப்டெம்பர் முதல் கிழமை அவள் நான்கு இலைகளையும் நூலையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். இடைவேளை மணி அடித்திருந்தது. எலேனி வளர்ந்திருந்தாள், ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற விதத்தில் தெரிந்தது. கமலினி வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டாள், கவரை நீட்டினாள்.

எலேனி உள்ளே பார்த்தாள். வெளுத்த இலைகள் இரண்டில் தன் எழுத்தைக் கண்டாள்.

"கட்டவில்லையே" என்றாள்.

"நான் கட்டித் தருகிறேன். இப்போதே."

"நீங்கள் இல்லை. அந்த அம்மாதான் சொன்னார். ப்ராமிஸ் பண்ணியது அவர்." கவரைத் திருப்பி நீட்டினாள். "அவர் ஏன் வரவில்லை?"

பதிலுக்கு ஒரே ஒரு சொல் போதும், சாவு. இதே பள்ளிக்கூடத்தில், இதே மொழியில், இரண்டு ஆண்டுக்கு முன் அவள் சொல்லாமல் விட்ட அதே சொல். வேலிக் கம்பிகளுக்கு இடையில் கவர் அவள் கைக்கு வந்து சேர்ந்தது.

"அவருக்கு வேலை" என்றாள் கமலினி.

எலேனி நம்பினாளா என்று தெரியவில்லை. மணி அடித்தது. திரும்பி நடந்தவள், பாதி தூரத்தில் நின்று, கத்திச் சொன்னாள்:

"ஆறாம் வகுப்பு முடியும்வரை நான் இங்கேதான் இருப்பேன் என்று அவரிடம் சொல்லுங்கள்!"